இடது பை போன், வலது பை போன்

எந்த போன் நல்ல போன் என்று இனிமேல் யாராவது கேட்டால் எழுந்து போய்விடுவதாக இருக்கிறேன். இரண்டு வகை போனுக்கும் ஆப் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் என்னிடம் ஏதோ ரகசியம் இருப்பதாக எல்லோருக்கும் நினைப்பு. குறிஞ்சிப்பாடியில் ஒரு கல்யாணப் பந்தியில், சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில், பக்கத்து இலைக்காரர் கேட்டார். சிதம்பரத்தில் பல் டாக்டர் என் வாய்க்குள் கருவியை வைத்துக்கொண்டு கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவர்களே கேமராவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். கேமரா! படம் எடுக்க மட்டும்தான் போன் என்றால் நான் எதற்கு?

எங்கள் தொழில்காரர்கள் இதைவிட மோசம். கட்சிக்காரர்கள் இவர்களிடம் கெட்டார்கள். ஒருவன் இந்த போனுக்கு மட்டும் எழுதுவேன் என்பான், இன்னொருவன் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன் என்பான். எது வேகம், எது பாதுகாப்பு, எதில் பொத்தான் அழகு என்று மணிக்கணக்காக அடித்துக்கொள்வார்கள். அந்தச் சண்டையில் நானும் வரிந்துகட்டிக்கொண்டு நின்றவன்தான். அதை நினைத்தால் இப்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அந்த இரண்டு வகைகளின் பெயரை எழுதப் போவதில்லை. சொல்லாமலே தெரியும். ஒன்று, ஊரில் எல்லார் கையிலும் இருப்பது. பல கம்பெனிகள் செய்வது. விலைக்குத் தகுந்தபடி நூறு மாதிரி. இன்னொன்று, ஒரே கம்பெனி செய்வது. வாங்கியவர் மேசைமேல் தெரிகிற மாதிரி வைப்பது. எங்கள் வீட்டில் அவற்றுக்கு வேறு பெயர். முதலாவது இடது, இரண்டாவது வலது. என் மாமா சட்டையில் இருபுறமும் பை வைத்துத் தைத்து, இடது பையில் ஒன்றும் வலது பையில் ஒன்றுமாகப் போட்டுக்கொண்டு ஒரு மாதம் பஸ்ஸில் போய்வந்தார். அப்போது வந்த பெயர்.

மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். சேத்தியாத்தோப்புப் பக்கம் கரும்பு போடுகிற குடும்பத்திலிருந்து படித்து வந்து, கடலூரில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். வீடு சிதம்பரத்தில். ஐம்பது வயதைத் தொடுவதற்குள் சர்க்கரை அவருடைய இரண்டு கண்ணையும் தின்றுவிட்டது. முதலில் எழுத்து போனது, பிறகு முகங்கள், பிறகு வெளிச்சம். அவர் அதற்காக வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் குரலை வைத்துக் கணினியில் கடிதம் அடிக்கக் கற்றுக்கொண்டார். அலுவலகத்தில் வருகிற தொலைபேசிகளை எல்லாம் அவர்தான் எடுப்பார். வேலையில் அவரை யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

குறை, அவர் வந்துபோவதில் கண்டுபிடித்தார்கள். கூடப் போய்வந்த நண்பர் மாற்றலாகிப் போனபின், அக்காதான் தினமும் காலையில் அவரைக் கடலூருக்குக் கூட்டிப்போனாள். பள்ளிக்கூட வேலையை அதற்காக விட்டாள். திரும்பி வந்து மறுபடி சாயங்காலம் போக முடியாது என்று, அலுவலக வராந்தாவில் ஓர் ஓரமாக நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாள். புதிதாக வந்த மேலதிகாரிக்கு அது கண்ணை உறுத்தியது. "இது ஆபீஸா, குடும்பம் நடத்துற எடமா?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டார். ஒரு மாதம் தவணை. அதற்குள் மாமா தனியாக வந்துபோகிறார் என்று காட்ட வேண்டும். முடியாவிட்டால், உடல்நிலை காரணமாக ஓய்வில் போவதாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

நான் கொதித்துப்போய் அந்த அலுவலகத்துக்கே போனேன். சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா என்று அந்த மனிதரிடம் கத்திவிட்டு வந்தேன். வழக்குப் போடலாம் என்று மாமாவிடம் சொன்னேன்.

"கேஸு போட்டா ஜெயிக்கலாம் மச்சான். அப்பறம் அந்த ஆபீஸ்ல எவன் எங்கூட ஒக்காந்து டீ குடிப்பான்? தனியா வரணும், அவ்ளோதானே? வரேன்."

பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டால் போதும், அங்கிருந்து அலுவலகத்துக்குக் கோலைத் தட்டிக்கொண்டு அவரே போய்விடுவார். இடத்தில் இறங்குவதுதான் பிரச்சினை. கண்டக்டரிடம் சொல்லி வைக்கலாமே என்பீர்கள். சொல்லி வைத்தோம். ஒருவர் மறந்துபோய் அவரைப் பாண்டிச்சேரி வரைக்கும் கொண்டுபோய் விட்டார். இன்னொருவர் மறக்கவில்லை, "கண்ணு தெரியாதவரு எறங்கணும், எல்லாம் வழி உடுங்க!" என்று பஸ் அதிரக் கத்தினார். எது தேவலை என்று மாமா கடைசிவரை முடிவு பண்ணவில்லை.

அதனால் நான் ஓர் ஆப் எழுதினேன். சின்ன ஆப். பஸ் போகப் போக எந்த நிறுத்தம் வருகிறது என்று காதில் சொல்ல வேண்டும். இறங்க வேண்டிய இடம் வந்ததும் இறங்குங்கள் என்று சொல்ல வேண்டும். இரண்டு வகை போனுக்கும் எழுதினேன். இடது, மாமாவின் சொந்த போன். வலது, இப்போது வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற எனக்கு என் மெட்ராஸ் கம்பெனி சோதனைக்குக் கொடுத்திருந்தது. எது நன்றாக வேலை செய்கிறதோ அதை வைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், தொழில்காரனுடைய அற்ப ஆசையும் அதில் இருந்தது. எது உசத்தி என்கிற சண்டைக்கு மாமாவை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடலாம் என்று பார்த்தேன்.

முதல் வாரம் நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். இடது காதில் ஒரு குரல், வலது காதில் ஒரு குரல். இரண்டும் ஒரே ஊரை அரை விநாடி முன்பின்னாகச் சொல்லும். "ரெண்டு பொண்டாட்டிக்காரன் கெணக்கா இருக்குது மச்சான்," என்றார் மாமா. புதுச்சத்திரம் தாண்டியதும் இடது பேசவில்லை. எடுத்துப் பார்த்தால் ஆப்பே இல்லை. திரை அணைந்து கொஞ்ச நேரம் ஆனதும், பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று போன் அதைக் கொன்று போட்டிருந்தது.

இதுதான் இடதின் குணம். உள்ளே விடும்போது ஒரு கேள்வியும் கேட்காது. நான் எழுதியதை அனுப்பி, தட்டினால் ஏறிக்கொள்ளும். தடையே இல்லை, தாராளம். ஆனால் பின்னால் என்ன நடக்கும் என்பது அந்த போனைச் செய்தவன் இஷ்டம். ஒவ்வொரு கம்பெனியும் எந்த ஆப்பை எப்போது சாகடிக்கலாம் என்று தனித்தனியாக ஒரு சட்டம் வைத்திருக்கிறது. அதை நிறுத்தும் பொத்தானை ஐந்து மெனுவுக்கு அடியில் புதைத்து வைத்திருக்கிறது. பார்வை இருக்கிறவனுக்கே அது அகப்படாது. இறங்கும் இடம் தெரியாமல் ஒரு மனிதர் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறார், உனக்கு இரண்டு சதவீதம் பேட்டரி பெரிதாகப் போய்விட்டதா என்று நான் பஸ்ஸிலேயே திட்டினேன். முன் சீட்டுக்காரர் தன்னைத்தான் சொல்கிறேன் என்று திரும்பிப் பார்த்தார்.

வலது அப்படிச் சாகடிக்கவில்லை. ஆலப்பாக்கம், காரைக்காடு என்று கடைசிவரை ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்தது. திரையை வாசிக்கிற குரலும் அதில் சுத்தம். விரலை எங்கே வைத்தாலும் என்ன இருக்கிறது என்று தடுமாறாமல் சொல்லும். இவ்வளவு நாள் இதைப் பணக்காரப் பொம்மை என்று சொல்லிவந்ததற்காக மனதுக்குள் மன்னிப்புக்கூடக் கேட்டேன். எட்டாம் நாள் காலையில் ஆப் திறக்கவில்லை. என் கையால் நான் எழுதி, என் கையில் இருக்கிற போனில் நானே ஏற்றினாலும், அவர்களுக்கு வருடச் சந்தா கட்டாதவனுக்கு ஏழு நாள்தான் ஆயுள் என்பது அந்தக் கம்பெனியின் சட்டம். எனக்குத் தெரிந்த சட்டம்தான், மறந்திருந்தேன். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில், பஸ் உறுமிக்கொண்டு நிற்கும்போது, மாமா திறக்கச் சொல்லித் திறக்கச் சொல்லித் தட்டிக்கொண்டிருந்தார்.

சரி என்று சந்தா கட்டி, அவர்களுடைய ஆப் கடையிலேயே வைத்துவிடலாம் என்று அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துத் திருப்பி அனுப்பினார்கள். மிகச் சிலருக்கு மட்டுமே பயன்படக்கூடியதாக இருக்கிறதாம். தங்கள் பயனருக்கு எது நல்லது என்பதில் அவர்கள் மிகவும் அக்கறை உள்ளவர்களாம். படித்ததும் எனக்கு ரத்தம் தலைக்கேறியது. மாமா போகிற எட்டேகால் பஸ்ஸில் ஒரு நாள் நின்று பார்த்திருப்பானா அவன்? அந்த 'மிகச் சிலர்' யார் என்று அவனுக்குத் தெரியுமா? ஒருத்தன் உள்ளே விட்டுவிட்டு, கேட்காமல் கொல்கிறான். இன்னொருத்தன், உன் நல்லதுக்குத்தான் என்று சொல்லி வாசலிலேயே நிறுத்துகிறான். இந்த இரண்டு பேரில் யார் உசத்தி என்று நாங்கள் வருடக்கணக்காகச் சண்டை போட்டிருக்கிறோம்.

கட்டிய சந்தாவை வைத்து வலதில் நானே நேராக ஏற்றி, இடதில் தோண்டித் தோண்டிப் பொத்தானைக் கண்டுபிடித்து, மூன்றாம் வாரம் இரண்டும் கடைசிவரை பேசின. அதுவரை நான் கண்டுகொள்ளாத உச்சரிப்பு அப்போது காலை வாரியது. எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும், கடலூர் என்பது இரண்டு. துறைமுகப் பக்கம் இருக்கிற பழைய ஊர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு இருக்கிற புது ஊர் என்.டி. ஓல்டு டவுன், நியூ டவுன் என்பதன் சுருக்கம். ஆனால் அதை விரித்துச் சொல்லி நான் யாரையும் கேட்டதில்லை. கடுதாசியிலும் டிக்கெட்டிலும் ஓ.டி., என்.டி.தான். நானும் பட்டியலில் அப்படியே எழுதினேன். இடது ஓ.டி.யைக் "கடலூர் ஓடி" என்று வாசித்தது. வலது இன்னும் ஒரு படி மேலே போய், என்.டி.யைக் "கடலூர் ஏண்டி" என்றது. மாமா இயர்போனைப் பிடுங்கும்போது ஒயர் கழன்று, அது பஸ் முழுக்கக் கேட்டது. பக்கத்தில் நின்ற அம்மாள் அவரை முறைத்த முறைப்பை அவர் பார்க்காமல் போனது நல்லதாகப் போயிற்று.

பி.முட்லூரும் சரியில்லை. 'பி' என்று சொல்லி நிறுத்தி, மூச்சு வாங்கி, 'முட்லூர்' என்றது. புள்ளியைக் கண்டால் இந்தக் குரல்களுக்குக் கிறுக்குப் பிடிக்கிறது. அதற்கு என்னிடம் ஒரு தயார் மருந்து இருந்தது. முன்பு என் கம்பெனி வேலைக்காக, ஆட்கள் பெயரில் இருக்கிற இனிஷியலை நீக்கிவிட்டுப் பெயரை மட்டும் வாசிக்கும்படி நான் எழுதிய ஒரு துண்டு நிரல். ஓரிரு எழுத்து, பக்கத்தில் ஒரு புள்ளி என்று எங்கே கண்டாலும் வெட்டிவிடும். அதைத் தூக்கி இதில் ஒட்டினேன். வீட்டில் உட்கார்ந்து பட்டியலை ஓடவிட்டுக் கேட்டேன். முட்லூர் என்று அழகாக வந்தது. மகா திருப்தி. அத்தோடு நிறுத்திவிட்டேன்.

அந்த மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை, மாமா தனியாக வந்து காட்ட வேண்டிய நாள். வாசல் வரைக்கும்கூட யாரும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையின் இரண்டு பையிலும் போனைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவர் தெருமுனை திரும்பியதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பின்னாடியே போடா. அவருக்குத் தெரிய வாணாம். எனக்குப் பயமா இருக்குது."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. மறுக்கத் தோன்றவில்லை. ஓடிப்போய்ப் பின்படியில் ஏறி, கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். மாமா முன்பக்கம் இருந்தார். இருமல் வந்தபோதுகூட வாயைப் பொத்திக்கொண்டேன்.

பஸ் ஓ.டி.யில் நின்றது. மாமா எழுந்தார். நான் திடுக்கிட்டு எழுந்து நின்றேன். பஸ் ஸ்டாண்டுக்கு இன்னும் சில கிலோமீட்டர் இருக்கிறது. அவர் கோலை நீட்டி, முன்படியில் நிதானமாக இறங்கினார். மாமா என்று கூப்பிட வாய் வரைக்கும் வந்தது. கூப்பிட்டால் நான் வந்தது தெரிந்துவிடும். கூப்பிடாமல் பின்படியில் குதித்தேன். குதிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. மனிதருக்கு இனிஷியல் முன்னால் வரும். கடலூருக்குப் பின்னால் வரும். என் நிரல் ஓ.டி.யையும் வெட்டியிருக்கிறது, என்.டி.யையும் வெட்டியிருக்கிறது. இரண்டும் வெறும் கடலூர் ஆகிவிட்டன. முதலில் வந்த கடலூரில் இரண்டு போனும் சேர்ந்து இறங்கச் சொல்லியிருக்கின்றன. அந்த ஒரு மாதத்தில் அவை இரண்டும் வித்தியாசம் இல்லாமல் ஒன்றாகப் பேசியது அப்போதுதான். பேசியது என் தப்பை. ஊரில் பிறந்து வளர்ந்தவனைத் தவிர வேறு எவனும் செய்ய முடியாத தப்பு அது. வெளியூர்க்காரன் எழுதியிருந்தால் ஓல்டு டவுன் என்று முழுதாக எழுதித் தொலைத்திருப்பான்.

மாமா ரோட்டோரம் நின்று, "பஸ் ஸ்டாண்டுக்கு உள்ள எந்தப் பக்கமா வழி?" என்று கேட்டார். பூ விற்கிற பெண் ஒருத்தி, "இது ஓ.டி. சார். பஸ் ஸ்டாண்டு அங்க இருக்குது," என்றாள். அவர் சிரித்தார். "என் மச்சான் கடலூர ஒண்ணாக்கிட்டாம்மா," என்று அவளிடம் சொன்னார். அவளையே கேட்டு, டவுன் பஸ் நிற்கிற இடத்துக்குப் போய், வந்த பஸ்ஸில் ஏறினார். நானும் ஏறினேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, இடது கைப் பக்கச் சுவரைக் கோலால் தொட்டுத் தொட்டு, யாரையும் கேட்காமல் நடந்தார். பத்தடி பின்னால் நான். அலுவலகம் தொடங்கும் பத்து மணிக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. எனக்கு அழுகை வரும் போலவும் கத்திக் கொண்டாட வேண்டும் போலவும் இருந்தது. சந்தோஷத்தில், ரோட்டோர மரத்துக்குப் பின்னால் நின்றிருக்க வேண்டியவன், அலுவலக கேட் வரைக்கும் போய்விட்டேன்.

மேலதிகாரி அப்போதுதான் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார். என்னை அவருக்கு மறந்திருக்காது.

"வாங்க தம்பி. இன்னிக்குத் தொணைக்கு நீங்களா?"

மாமா படியில் கால் வைத்தவர் அப்படியே நின்றார். திரும்பினார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் அதிகாரியிடம் போய்ப் பேச ஆரம்பித்தேன். அவர் தனியாகத்தான் வந்தார், நான் வந்தது அவருக்கே தெரியாது, வழியில் ஒரு தடங்கல் வந்ததைக்கூட அவரே சமாளித்தார் என்று அடுக்கினேன்.

"அவருக்கே தெரியாதா? செதம்பரத்துலேந்து ஒரு ஆள் பின்னாலயே வர்றது தெரியல அவருக்கு. அதத்தானே நானும் சொல்றேன்," என்றார் அந்த மனிதர். அவருக்குக் குரலை உயர்த்தக்கூடத் தேவை இருக்கவில்லை. நான் பேசப் பேச மாமாவுக்குத்தான் குழி ஆழமாகிறது என்று தெரிந்து வாயை மூடினேன்.

மாமா ஒரு வார்த்தைதான் பேசினார். "அடுத்த திங்கக்கெழம பாருங்க சார்." அதிகாரி, அதுதான் கடைசி என்றார்.

சாயங்காலம் வீட்டில் மாமா சட்டையைக்கூடக் கழற்றவில்லை. அக்கா கொடுத்த காப்பியைத் தொடவில்லை. நான் இனிஷியல் கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"அத உடு. ஓ.டி.ல எறங்குனது ஒன் தப்பு, அத நான் சரி பண்ணிக்கிட்டேன். மனுசன் தப்பு பண்ணுவான். என் பின்னால வந்தியே, அது என்னா?"

"ஒங்களுக்கு எதுனா ஆயிருமோன்னு..."

"ஒன் ஆப்பு மொத நாளே என்னக் கேட்டுச்சு மச்சான். ஒங்க எடத்தத் தெரிஞ்சுக்கலாமா, அனுமதிக்கிறீங்களான்னு. ரெண்டு போனுலயும் கேட்டுச்சு. நீ கேட்டியா?"

அக்கா, அவன்மேல் தப்பில்லை, நான்தான் அனுப்பினேன் என்று அழுதாள். அவர் அவள் பக்கம் திரும்பி, "நீ கேட்டியா?" என்றார். அவ்வளவுதான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

என் வீட்டுக்கு வந்தும் எனக்குத் தாங்கவில்லை. கொல்கிறவன், தடுக்கிறவன் என்று இரண்டு கம்பெனிகளை ஒரு மாதமாகத் திட்டித் தீர்த்திருந்தேன். அவர் வேலையைக் கெடுக்கப் பார்த்தது நான்தான். அதுவும் அவருடைய நல்லதுக்கு என்று சொல்லிக்கொண்டு. அன்றைக்கு என்மேல் எனக்கு வந்த கோபம் அந்த அதிகாரிமேல்கூட வந்ததில்லை.

சனிக்கிழமை மாமா கூப்பிட்டனுப்பினார். போனேன். பழைய டவுன் என்றோ புது டவுன் என்றோ மாற்றட்டுமா என்று கேட்டேன். அப்படி யார் சொல்கிறார்கள் என்று எரிந்து விழுந்தார். கடைசியில் இயந்திரக் குரலையே தூக்கிவிட்டு, ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் அவரே, ஊரில் சொல்கிற மாதிரி, பேசிப் பதிவு செய்தார். ஓ.டி. என்று அவர் சொன்னது ஓ.டி. என்றே இருந்தது.

எந்த போனில் ஏற்றட்டும் என்று கேட்டேன். வலதுதான் நிதானமானது என்றும் சொன்னேன். தொழில்காரனாக நான் சொல்லக்கூடிய நேர்மையான பதில் அதுதான்.

"எடதே போதும். அது தூங்கிட்டா நான் தட்டி எழுப்பிக்கிறேன். வலதுல கதவத் தெறக்கணும்னா எவன்கிட்டயோ போய் நிக்கணும். அது சரி, நான் எங்க இருக்கேன்னு இதுல ஒனக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல முடியவில்லை. தெரியும். பஸ் எங்கே போகிறது என்கிற விவரம் நிமிடத்துக்கு ஒரு தரம் என் கணினிக்கு வந்துகொண்டிருந்தது. சோதனைக்காக என்று முதல் நாளே வைத்தது. அவர் இடத்தை ஆப் தெரிந்துகொள்ள அவர் அனுமதி கொடுத்தார். நான் தெரிந்துகொள்ள யாரிடமும் கேட்கவில்லை.

"அத எடு," என்றார்.

அக்கா கதவோரம் நின்று என்னைப் பார்த்தாள். எடுக்காதே என்று அவள் கண் கெஞ்சியது. எடுத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு விட்டுவைத்திருந்தால் அவருக்குத் தெரியப்போவதே இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்தே அந்த வரிகளை ஒவ்வொன்றாக அழித்தேன்.

திங்கட்கிழமை எட்டேகால் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார். அக்கா வாசலிலேயே நின்றாள். நான் அவள் வீட்டிலேயே உட்கார்ந்து, என் வேலையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் எழுதவில்லை. ஒன்பதரை ஆயிற்று, பத்து ஆயிற்று. போன் வரவில்லை. பதினொன்றுக்கு அக்கா என்னைக் கூப்பிட்டு, அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்கட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. மத்தியானம் இரண்டு பேரும் சாப்பிடவில்லை. அவர் வழியில் எங்கேயாவது விழுந்து கிடந்தால் அந்த வரிகளை அழித்த என் விரலை என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறரை மணிக்கு மாமா வந்தார். செருப்பை விட்டுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றார். அதிகாரி காலையில் கேட் வரைக்கும் வந்து ரோட்டின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாராம், ஒருவரையும் காணாமல் உள்ளே போய்விட்டாராம். நாளையிலிருந்து வழக்கம்போல வேலைதானாம். அதைச் சொல்லிவிட்டுத் தோசைக்குச் சட்னி கேட்டார். அக்காவுக்கு அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் கோபமாக வந்தது.

"போய்ச் சேந்துட்டேன்னு ஒரு போன் போட்டாத்தான் என்னா? காலைலேந்து செத்துப் பொழைக்கிறோம் நாங்க!"

மாமா நான் இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"ஏன் மச்சான், நீ மெட்ராஸ்ல ஆபீஸுக்குப் போயிட்டிருந்தியே, தெனம் போய்ச் சேந்ததும் வூட்டுக்குப் போன் போட்டுச் சொல்லுவியா?"

ஆறு வருடம் போனேன். ஒரு நாளும் சொன்னதில்லை. என்னை யாரும் கேட்டதும் இல்லை.